குப்பாயியின் இடது கால்

"வலிக்கறது இந்தக் காலு. கட்டுப் போட்டிருக்கறது அந்தக் காலு. இதுல நான் என்னத்தைப் பொய் சொல்றேன்?"

குப்பாயி பாயில் இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கால் முழங்காலிலிருந்து பாதம்வரை வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டுக்குள் ராஜமரியாதையோடு கிடந்தது. பக்கத்தில் இடது கால், கேட்பாரற்று, கணுக்காலுக்கு மேலே பரங்கிக்காய்போல வீங்கி, கருநீலம் பாய்ந்து கிடந்தது.

அவள் புருஷன் செங்கோடன் வாசற்படலை இழுத்துச் சாத்தினான். பண்ணையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான்.

"மெதுவாப் பேசு புள்ளே. நாலு பேரு காதுல உழுந்தா பண்ணைக்குப் போயிரும். டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"டாக்டருக்குத் தெரியுமுங்க. என்ற காலுக்கும் தெரியும். நடுவால இருந்த ஆளுக்குத்தான் தெரியல."

செங்கோடன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். உண்மை அவன் கண்ணுக்கு முன்னால்தான் நீட்டிக் கிடந்தது. இருந்தாலும் அதை ஒப்புக்கொள்ள அவனால் முடியவில்லை. காரணம், கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி அவன் முதலாளியுடையது. நல்லண்ணன் என்கிற அந்த மிராசுதார், தன் தாயார் பெயரில் 'தெய்வநாயகி தர்ம வைத்தியசாலை' என்று ஓட்டுக் கட்டடம் ஒன்று கட்டி, சேந்தமங்கலம் போகிற சாலையோரம் நடத்திவந்தார். அதன் தருமகர்த்தாவும் அவரே. தருமத்தில் குறை சொன்னால் பண்ணையில் வேலை இருக்குமா?

முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. கிழங்கு மில்லில் தோல் சீவிய மரவள்ளிக் குச்சிக்கிழங்கைக் கூடையில் சுமந்துகொண்டு போன குப்பாயி, ஈரத் தோலில் கால்வைத்து வழுக்கி விழுந்தாள். கூடையும் கிழங்கும் அவள் காலின் மேலேயே விழுந்தன. கூட வேலை செய்த அத்தாயியும் இன்னும் இரண்டு பெண்களும் அவளைக் கிழங்கு வண்டியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் மிக்கேல் சேலத்துக்காரர். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பஸ்ஸில் வந்து போவார். அன்று கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தவள் குப்பாயி. அவளுடைய சேரியான தெற்குவளவு ஆட்கள் ஆஸ்பத்திரிக் கூடத்துக்குள் வருவதில்லை. புளியமரத்தடியில் உட்கார வேண்டும். டாக்டர் மரத்தடிக்கே வந்தார். மண்ணில் மண்டியிட்டு அவளுடைய இடது காலைத் தன் கையால் தொட்டு, மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தார். குப்பாயி கத்தினாள். "எலும்பு முறிஞ்சிருக்கம்மா. கட்டுப் போட்டா சேர்ந்துடும்" என்றார். ரிஜிஸ்தரில் 'இடது கால்' என்று எழுதினார். பஸ் ஹாரன் அடித்தது. "அர்த்தநாரி, இடது கால், முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

கம்பவுண்டர் அர்த்தநாரி கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கைராசிக்காரர். எழுதிய மருந்தை அளவு பிசகாமல் கலப்பார். ஏழைகளிடம் சிடுசிடுப்பதுகூடக் கிடையாது. தெற்குவளவு ஆட்களைத் தொட மாட்டார், அவ்வளவுதான். அவர்கள் நீட்டுகிற சீசாவில் ஒரு முழ உயரத்திலிருந்து சிந்தாமல் மருந்தை ஊற்றுவார். அந்த லாகவத்தை வேடிக்கை பார்க்கவே சிலர் வருவதுண்டு. புண்ணுக்கு மருந்து போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் காத்தான் வேலை. காத்தான் ஆஸ்பத்திரி கூட்டுகிறவன்; அவனும் தெற்குவளவுதான். கம்பவுண்டர் ஒரு மூங்கில் குச்சியால் இடத்தைக் காட்டுவார், காத்தான் கட்டுவான். பல வருஷமாக இப்படித்தான் வைத்தியம் நடந்துவந்தது.

அன்றும் அர்த்தநாரி நாலடி தள்ளி, குப்பாயிக்கு எதிரே நின்றார். குச்சியை நீட்டினார். குச்சி அவருடைய இடது பக்கம் இருந்த காலைக் காட்டியது. அது குப்பாயியின் வலது கால்.

"சாமி, வலி இந்தக் கால்லீங்க" என்றாள் குப்பாயி.

"டாக்டர் சொல்லியாச்சு. நீ சும்மா இரு."

காத்தானுக்கும் சந்தேகம். "வீக்கம் அந்தக் கால்ல இருக்குதுங்களே சாமி" என்றான்.

"நீ எப்படா டாக்டருக்குப் படிச்சே? சொன்னதைச் செய்."

காத்தான் செய்தான். கட்டு என்னவோ அருமையான கட்டு. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பிசிறு இல்லை. கால்தான் தப்பு.

வண்டி ஏற்றும்போது அர்த்தநாரி கடைசியாக ஒரு எச்சரிக்கையும் சொல்லி அனுப்பினார்: "கட்டுப் போட்ட காலைத் தரையில ஊனவே கூடாது. இன்னொரு காலை ஊனிக்கிட்டு நடக்கோணும்."

இந்த உத்தரவைக் கேட்ட நேரத்திலிருந்து குப்பாயிக்கு வலியோடு சேர்த்து ஒரு சிரிப்பும் வந்துகொண்டே இருந்தது. நல்ல காலை ஊனக்கூடாது, முறிந்த காலை ஊனி நடக்க வேண்டும். அவள் நடக்கவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றிப் பின்புறமாகத் தேய்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றிவந்தாள்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் தெற்குவளவு முழுக்க அவள் கால்களைப் பார்க்க வந்துவிட்டது. அத்தாயி கட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"ஏன் குப்பாயி, ஒருவேளை மருந்து இந்தக் கால்ல ஏறி, இடுப்புச் சுத்தி அந்தக் காலுக்கு எறங்குமோ என்னமோ?"

"எறங்கட்டும், எறங்கட்டும். வழியில நாலு பக்கமும் கேட்டு விசாரிச்சுத்தானே வரோணும். வெள்ளிக்கெழமைக்குள்ள வந்து சேந்தா சரி."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருத்தி தனக்குக் கண்ணில் விட வேண்டிய மருந்தைக் காதில் விட்டதாகச் சொன்னாள். ஒரு கிழவர் தன் முழங்கையைக் காட்டினார். அது மடங்கினால் நிமிராது. யாரும் எங்கேயும் போய்க் கேட்டதில்லை. தர்ம ஆஸ்பத்திரியில் தர்மத்துக்கு வைத்தியம் பார்க்கிறார்கள், அதில் கணக்குக் கேட்க நாம் யார்? அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கிழவருடைய கையைப் பார்த்த பிறகு குப்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை. கிழங்கு மில்லில் கூடை தூக்க இரண்டு கால் வேண்டும். அவளுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் செங்கோடன் பண்ணை வண்டியையே கேட்டு வாங்கி, வைக்கோல் பரப்பி அவளை ஏற்றினான். வழிநெடுகப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தான்.

"கட்டு இறுக்கமா இருக்குதுன்னு மட்டும் சொல்லு. கால் மாறிப்போச்சுன்னு சொல்லாதே. அவிய பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

"சரிங்க. நான் வாயே தொறக்கல. காலு ரெண்டும் பேசட்டும்."

கால்கள் பேசின. டாக்டர் மிக்கேல் மரத்தடிக்கு வந்தார், பார்த்தார், அப்படியே நின்றார். குனிந்து இடது காலைத் தொட்டார். எழுந்து உள்ளே போய் ரிஜிஸ்தரை எடுத்துவந்து தான் எழுதியதை ஒரு முறை படித்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அர்த்தநாரி, இது யாரு கட்டினது?"

"நீங்க சொன்னபடி இடது காலுக்குத்தானுங்க கட்டச் சொன்னேன். எனக்கு எடது பக்கம்..." என்று சொல்லி அர்த்தநாரி தன் இடது கையைத் தூக்கினார். தூக்கிய கையையும் குப்பாயியையும் பார்த்தார். கை மெல்ல இறங்கியது.

"தொட்டுப் பார்க்கலையா?"

பதில் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நின்ற ஊர்க்காரர்களும் தெரியாததுபோலப் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

டாக்டர் அவளை இரண்டு பேரைவிட்டுத் தூக்கச் செய்து, கூடத்துக்குள் இருந்த பெஞ்சில் படுக்கவைத்தார். அதற்கே ஒரு சலசலப்பு. வலது காலின் கட்டை வெட்டி எடுத்தார். இடது காலை இழுத்து எலும்பைச் சேர்த்தார். குப்பாயி போட்ட சத்தத்தில் வண்டி மாடுகள் மிரண்டன. காத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டினான். பிறகு டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"அம்மா, தப்பு எங்களுது. நான் இருந்து பார்த்துட்டுப் போயிருக்கணும். மூணு நாளு வீணாப் போச்சு. எலும்பு கூடிடும். ஆனா இந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாப் போகலாம். பத்து வாரத்துக்கு வேலைக்குப் போக முடியாது."

கால் நொண்டியாகலாம் என்பதைவிட, ஒரு டாக்டர் தப்பு எங்களுது என்று சொன்னதுதான் கூடத்தில் இருந்தவர்களுக்குப் புதுசாக இருந்தது.

அரை மணிக்குள் தருமகர்த்தா நல்லண்ணன் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த அங்கவஸ்திரம். டாக்டரைத் தனியே கூப்பிட்டார். ஆனால் அவருடைய தனிக்குரலும் கூடம் முழுக்கக் கேட்கும்.

"என்னங்க டாக்டர், இப்படியா எல்லார் முன்னாலயும் சொல்றது? நாளைக்கு ஒவ்வொருத்தனும் கையையும் காலையும் தூக்கிக்கிட்டு வருவான்."

"வரட்டும். எத்தனை பேருன்னாவது தெரியும்."

நல்லண்ணன் கூடவே ஒரு காகிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் அதை வாங்கி எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். குப்பாயி என்பவள் கட்டுப் போட்டுக்கொண்ட பிறகு வீட்டில் அஜாக்கிரதையாக விழுந்து இடது காலை முறித்துக்கொண்டதாகவும், அவள் ஏழ்மையை உத்தேசித்துத் தருமகர்த்தா ஒரு புடவையும் ஒரு மூட்டை ராகியும் தருமமாக வழங்குவதாகவும் அதில் இருந்தது. கீழே அவள் கைநாட்டுக்கு இடம் விட்டிருந்தது.

"ஏனுங்க டாக்டரய்யா," என்றாள் குப்பாயி, "மில்லுல ஒருக்கா உழுந்தேன். இந்தக் காகிதத்துல ஊட்டுலயும் ஒருக்கா உழுந்திருக்கறேன். இதுக்கு மேல உழுந்தா ஒடம்பு தாங்குங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்து, நல்லண்ணன் திரும்பியதும் இருமினார்கள்.

வரிசையில் பல்வலிக்கு மருந்து வாங்க நின்றிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பெஞ்சருகே வந்து குனிந்தார். "கைநாட்டு வெச்சிராதே. நாமக்கல் கோர்ட்ல போட்டம்னா ஜெயம் நமக்குத்தான். அஞ்சு வருஷம், மிஞ்சினா ஏழு. நீ வாய்தாவுக்கு வாய்தா வந்து நின்னாப் போதும்."

"நிக்கறதுக்குத்தானுங்களே சாமி காலு இல்லை" என்றாள் குப்பாயி.

குமாஸ்தா பல்வலிக்குத் திரும்பிப் போனார்.

டாக்டர் காகிதத்தை நல்லண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தார். "கோர்ட் வேண்டாம். இங்கேயே பேசி முடிச்சுக்கலாம். ஆனா நடந்ததை நடந்தபடி எழுதணும். மாறின கால்ல கட்டுப் போட்டது ஆஸ்பத்திரியோட தப்புன்னு எழுதணும். நானும் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வர்றதா வேண்டாமான்னு நீங்களே சொல்லிடுங்க."

இந்தக் காட்டுப் பக்கம் வரச் சம்மதித்த ஒரே டாக்டர் அவர்தான். நல்லண்ணன் அங்கவஸ்திரத்தை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். கொஞ்சநேரம் யோசித்து மறுபடி இடது தோளுக்கே கொண்டுபோனார்.

"சரி. ஏ புள்ளே, உனக்கு என்னதான் வேணும்?"

இந்தக் கேள்வியையும் அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. குப்பாயி யோசித்தாள்.

"புடவை வேண்டாமுங்க. பத்து வாரம் மில்லுல நான் சம்பாரிச்சிருந்தா ஊட்டுல எத்தனை நாளு அடுப்பு எரியுமோ, அத்தனை நாளைக்கு ராகி வேணுமுங்க. அப்பறம், தர்மம்னு எழுதாதீங்க. நான் பிச்சை கேட்டு வரலைங்க. பண்ணினதுக்கு ஈடுன்னு எழுதுங்க."

"நஷ்டஈடுன்னு எழுதலாம்" என்றார் டாக்டர்.

"அதேதானுங்க. வார்த்தை இருக்குது பாருங்க, எனக்குத்தான் தெரியல."

நல்லண்ணனுக்கு ராகி ஒரு பொருட்டில்லை. தர்மம் என்ற வார்த்தையைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. இருந்தாலும் டாக்டர் முக்காலியைவிட்டு எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. கடைசியில் டாக்டரே எழுதினார், எழுதியதை மெதுவாகப் படித்தார், கையெழுத்துப் போட்டார். நல்லண்ணனும் போட்டார். இனி குப்பாயியின் கைநாட்டு ஒன்றுதான் பாக்கி.

அர்த்தநாரி மைப்பெட்டியையும் காகிதத்தையும் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, பழக்கப்படி நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

குப்பாயி கட்டைவிரலை நீட்டினாள். மையில் வைக்கவில்லை. நீட்டியபடியே இருந்தாள்.

"எனக்குக் கைநாட்டு வெக்கத் தெரியாதுங்க. ஆராச்சும் புடிச்சு வெய்யுங்க."

"இதிலே தெரியறதுக்கு என்ன இருக்குது? மையிலே தொட்டுக் காகிதத்திலே ஒத்து" என்றார் நல்லண்ணன்.

"பெரிய காகிதமுங்க. தப்பான எடத்துல வெச்சுட்டா? கால்ல ஆன மாதிரி ஆயிருமுங்களே."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார். குப்பாயி விரலை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வேண்டாமுங்கய்யா. நீங்க மொதல்லயே தொட்டவரு. அன்னிக்கு என்ற காலைத் தொடாதவருதானுங்களே தப்புப் பண்ணுனது? அவரு புடிக்கட்டும். அதுவும் ஈட்டுல சேத்திதானுங்க."

இப்போது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அர்த்தநாரியின் நெற்றியில் வியர்த்திருந்தது. நல்லண்ணனின் முகம் சிவந்தது.

"ஏண்டா செங்கோடா! வேடிக்கை பாக்கறியா? உன் பொண்டாட்டிதானே? புடிச்சு ஒத்துடா அவ விரலை!"

வாசல் ஓரமாக நின்றிருந்த செங்கோடன் இரண்டடி எடுத்து வைத்தான். குப்பாயி அவனைப் பார்த்தாள். மூன்று நாளாக அவன் அவளை முதுகில் சுமந்து கொல்லைப்புறம் போய்வந்திருந்தான். இரவில் அவள் முனகும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து வீக்கத்தின்மேல் ஈரத்துணி போட்டிருந்தான். செங்கோடன் அவள் விரலைப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பொண்டாட்டி என்னுதுதானுங்க சாமி. காலு அவளுதுங்களே."

"நாளைக்கு நீ பண்ணைக்கு வர வேண்டாம்!"

"சரிங்க."

அந்த 'சரிங்க' அவன் வழக்கமாகச் சொல்லுகிற அதே பணிவோடுதான் வந்தது. அதனால்தானோ என்னவோ, நல்லண்ணனுக்கு அதற்குமேல் என்ன சொல்லி அதட்டுவது என்று தெரியவில்லை. வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார்.

அர்த்தநாரி தன் தப்பு எழுதியிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பாயியின் விரல் நீட்டியது நீட்டியபடியே இருந்தது. வலியில் அவள் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைத்தான் அர்த்தநாரி பார்த்திருக்க வேண்டும். நாலடியும் நடந்து வந்தார். மனிதர் சட்டென்று ஒரு தணலைத் தொடுவதுபோல அவள் விரலைப் பிடித்தார்.

ஒன்றும் ஆகவில்லை. ஓடு இடிந்து விழவில்லை.

"காச்சல் அடிக்குதே உனக்கு!" என்றார் அர்த்தநாரி, தன்னையறியாமல். அவர் கைக்கு அது பழகிய வேலை, தொட்டால் தெரிந்துவிடுகிறது. "டாக்டர், ஒடம்பு நல்லா சுடுதுங்க."

"அப்படியா? கலவை மருந்து கொடுங்க" என்றார் டாக்டர்.

அர்த்தநாரி அவள் விரலை மையில் உருட்டி, காட்டிய இடத்தில் பிசகாமல் ஒற்றினார். காகிதத்தில் குப்பாயியின் ரேகை சுழி சுழியாக விழுந்தது. அதை ஒட்டியே அவருடைய சுண்டுவிரல் மையும் ஒரு பக்கமாக ஈஷியிருந்தது.

"மன்னிச்சுக்கோ" என்று அவர் மிக மெல்லச் சொன்னார். குப்பாயிக்கு மட்டும்தான் கேட்டது.

"காலு கூடட்டுமுங்க சாமி, சொல்றேன்" என்றாள் அவள்.

அர்த்தநாரி கைகழுவப் பின்பக்கத் தொட்டிக்குப் போகத் திரும்பினார். போக முடியவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த தெற்குவளவு ஆட்கள் எப்போது எழுந்தார்கள், எப்போது படியேறினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. கூடத்துக்குள் வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் ஆளாக நின்றவள் அங்கம்மாள் என்கிற நடுவயதுப் பெண். முக்காட்டை விலக்கி மணிக்கட்டை நீட்டினாள்.

"எனக்கும் ரெண்டு நாளாக் காச்சலுங்க. புடிச்சுப் பாருங்க சாமி."

அவளுக்குப் பின்னால், மடங்கினால் நிமிராத முழங்கையோடு அந்தக் கிழவர். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

செங்கோடன் குப்பாயியிடம் வந்து குனிந்தான். "வண்டியைத் திருப்பிக் குடுத்துட்டு, உன்னைத் தூக்கிக்கிட்டு நடந்தே போயிரலாம். பொழுது ஏறுது. கெளம்பலாமா?"

குப்பாயி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இருங்க. ஒரு அவசரமும் இல்லை. உங்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. அவரு எல்லாத்தையும் தொட்டு முடிக்கறதைப் பாத்துட்டே போலாம்."